ஈயத்தின் பக்கத்தில் தங்கம்

நீடாமங்கலம் கேட்டில் வண்டி நிற்கிறது என்று
மரியசெல்வம் போன் செய்தபோது மணி மூன்றேகால்.
எஞ்சின் மாற்றிப் பூட்டுகிறார்களாம்.
டீ குடித்துவிட்டு வாங்க என்றேன், வேறென்ன சொல்ல.
அவர் முதுகுக்குப் பின்னால்
அறுபது லிட்டர் திரவ ஹீலியம்
யாரையும் கேட்காமல் கொதித்துக்கொண்டிருக்கும்.
லிட்டர் ஒன்று ஒரு மூட்டை நெல்லைவிட விலை.
டிராக்டர், மொபெட், கல்யாண வேன், நடுவே
இந்த ஜில்லாவிலேயே மிகக் குளிர்ந்த சாமான்.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் நிழலுக்கு
அந்தக் குடுவை ஓரம் ஒதுங்கியிருந்தாளாம்.

திருவாரூர் தாண்டி வயலுக்கு நடுவே எங்கள் கட்டிடம்.
குரங்குக்குப் பயந்து ஜன்னலெல்லாம் வலை.
உள்ளே என் சாம்பிள், ஒரு தங்கக் கம்பி.
கம்பி என்றால் சிரிப்பு வரும்.
தலைமுடி ஒன்றை ஆயிரமாய்க் கிழித்தால்
அதில் ஒரு கிழிசல்.
இரு முனையிலும் ஈயம்.
ரசம் வைக்கக் கும்பகோணத்தில் வாங்குவோமே,
அந்தச் சொம்பின் ஈயம்தான், தூய்மை கொஞ்சம் கூடுதல்.

மூன்று புள்ளி ஏழு கெல்வினுக்குக் கீழே
ஈயத்தில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும்.
தங்கத்துக்கு அந்த வரம் கிடையாது.
எத்தனை குளிர வைத்தாலும்
கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் மீதியை விடும்,
கொள்முதல் நிலையத்துத் தராசுபோல.
ஆனால் ஈயத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தால்
தங்கமும் விட்டுவிடுகிறது.
கொஞ்ச தூரத்துக்கு.

எவ்வளவு தூரம்வரை பக்கம் என்பது பக்கம்?
நாலு வருஷமாய் நான் அளப்பது அதைத்தான்.

ஒற்றை எலக்ட்ரானுக்கு ஈயத்தின் வாசலில் அனுமதி இல்லை.
இணையாகத்தான் நுழைய வேண்டும்.
வந்தது, பக்கத்தில் இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு
உள்ளே போய்விடுகிறது.
பிடுங்கிய இடத்துக் குழி
வந்த வழியே, அடி பிசகாமல், திரும்பி நடக்கிறது.
நாற்று பறித்த பள்ளம் எழுந்து
வரப்பில் போவதைப்போல.
இதைக் காதல் என்று சொல்லிவிடாதீர்கள்.
முனைவர் குழுவில் ஒருவர் சொன்னார்,
அன்றைக்கே எனக்கு அலுத்துவிட்டது.

ராத்திரி பதினொன்றரைக்கு ஒன்றரை கெல்வின்.
தடை விழுந்தது. பூஜ்யம்.
சத்தம் ஏதும் இல்லை, பம்ப் மட்டும் இருமியது.
காந்தப்புலத்தை மெல்ல ஏற்றினேன்.
ஐந்து மில்லிடெஸ்லா, தாங்கியது.
பன்னிரண்டில் மெலிந்தது.
பதினெட்டில் தங்கம் தன் சுபாவத்துக்குத் திரும்பியது.

ஆடிக்காற்றில் ஆற்றங்கரையோடு
சைக்கிளில் தகரம் கொண்டுபோகிறவனைப் பார்த்திருக்கிறேன்.
முகம் காட்டிப் பிடித்தால் ஆளோடு ஆற்றில்.
விளிம்பைக் காட்டினான், காற்று அவனை மறந்தது.
புலத்தை அணைத்து, சாம்பிளைத் தொண்ணூறு பாகை திருப்பி,
மறுபடி முதலிலிருந்து.
பதினெட்டு. நாற்பது. நூற்றுப்பத்து.
இன்னும் பூஜ்யம்.
இன்னும்.
எழுந்து நின்றுகொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

நூற்று அறுபதைத் தொடுவதற்குள் ஹீலியம் தீர்ந்தது.
கேட்டில் போனதோ,
வெள்ளரிப்பிஞ்சுக்காரிக்குக் குளிர்ந்து போனதோ.
எல்லை எங்கே என்று எழுதவேண்டிய கட்டத்தில்
ஒரு கோடு போட்டு வைத்தேன்.
முள் ஏறியது. தங்கம் தங்கமானது.

விடியலில் அண்ணன் திருமேனியின் செய்தி:
தண்ணி இன்னும் கடைமடைக்கு வரலை,
நகைக்கடனை மாத்தி வைக்கணும், கையெழுத்துக்கு வா.
என் நாலு பவுன் சங்கிலி அங்கே பெட்டகத்தில்,
யார் யாருடைய வளையல்களையோ ஒட்டிக்கொண்டு
மூன்று வருஷமாய்க் கிடக்கிறது.
அவ்வளவு பக்கம்.
ஒன்றுக்கும் ஒன்றும் தொற்றவில்லை.
வட்டி மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது,
அறை வெப்பத்திலேயே.